நடுவுள்ளவளை அனுப்புகிறேன்

சனிக்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றாக விசாரித்து எழுத நேரமில்லை. இந்தக் கடிதத்தை நீ பிரிக்கும்போது நடுவுள்ளவள் உன் வாசலில் நின்றுகொண்டிருப்பாள். உன் அத்தானுக்கு அந்தப் பக்கம் லோடு இருக்கிறது, போகிற வழியில் லாரியிலிருந்து இறக்கிவிடுவார். அவரை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுக்காதே. கொஞ்ச நேரம் விட்டால் மனம் மாறி அவளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குப் போகிறாய் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். நாம் போனில் பேசியதை இப்போது அவளிடம் உடைக்காதே. பள்ளி திறக்கிற அன்று காலையில், புதுச் சீருடையை மாட்டிவிடும்போது, போகிற போக்கில் சொல்லிவிடு. அவசரமான காலையில் பிள்ளைகளுக்கு அழ நேரம் கிடைக்காது. பெரியவளிடம் அவளுடைய பூனை செத்துப்போனதை அப்படித்தான் சொன்னேன். தலை பின்னி முடிப்பதற்குள் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

எனக்கு எப்படி இதெல்லாம் முடிகிறது என்று நீ எப்போதும் கேட்பாய். மாயம் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் துணி வந்து விழுந்த உடனே மூன்று வண்டிகளில் பிரித்துப் போடுவோம். சாதாரண அழுக்கு ஒன்றில், ரத்தக்கறை ஒன்றில், கிழிசல் ஒன்றில். பிரிக்காமல் போட்டால் ஏதோ ஒரு கிழிசல் மெஷினுக்குள் சுற்றிக்கொண்டு மொத்தத்தையும் நிறுத்திவிடும். வீடும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வாரத்துக்கான துணியை நாளுக்கொரு பையாகக் கட்டிக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டுவிடு. சீப்பு, குடை, சாவி, பள்ளிப் பை எல்லாம் வாசல் பக்கம். தேடுவது என்று ஒரு வேலையே வீட்டில் இருக்கக் கூடாது. அவரவர் டப்பாவை அவரவர் கழுவட்டும். பெரியவள் ஐந்து வயதிலேயே பழகிக்கொண்டாள். பொடியன்கூட இப்போது தன் ஷூவைத் தானே மாட்டுகிறான். இடது வலது மாறிப்போனாலும் மாட்டிவிடுகிறான்.

நடுவுள்ளவள் விஷயம் வேறு. வீட்டில் அவளை ஆமை என்றுதான் கூப்பிடுகிறோம். சட்டைக்குள் ஒரு கையை விட்டவள் அடுத்த கையை மறந்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். என்னடி பார்க்கிறாய் என்றால், அந்தக் காக்கா ஏன் ஒற்றைக்காலில் நிற்கிறது என்பாள். அடித்துப் பார்த்தேன். கொஞ்சிப் பார்த்தேன். கொஞ்சினால் இன்னும் தாமதம்.

போன மாதம் எங்கள் சூப்பர்வைசர், இன்னொரு நாள் தாமதமாக வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொள் என்று எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் இவள் ஒரு காலில் ஷூ, மறுகாலில் ஒன்றுமில்லை என்று நிற்கிறாள். மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைப் பூட்டிவிட்டேன். மத்தியானம் வந்து திறந்தால், வாசலுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு ஷூவும் போட்டு, பையையும் முதுகில் மாட்டிக்கொண்டு. "நான் ரெடிம்மா" என்றாள்.

இரண்டு பிள்ளைகள் மட்டும் இருந்தால் வீடு எவ்வளவு லேசாக ஓடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்தேன்.

நீ எதற்கு அழுதாய் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கல்யாணமான புதிதில், ஒன்றை எனக்குக் கொடுத்துவிடேன் அக்கா என்று சிரித்துக்கொண்டே கேட்டவள் நீதானே? பெரியவளைத் தர முடியாது, அவள் என் வலது கை. பொடியனை உன் அத்தான் விடமாட்டார். நீ நாளுக்கு இரண்டு தடவை தரையைத் துடைக்கிறாய், அழுக்காக்க ஆளில்லை. உன் நாத்தனார் வரும்போதெல்லாம் அந்தக் காலி அறையை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுகிறாள். இனிமேல் எட்டிப் பார்க்கட்டும்.

அவள் சாப்பிட நேரமாகும். ஓரளவுக்குப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துவிடு. பல் வலித்தால் வாயைத் திறந்து சொல்லமாட்டாள், ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருப்பாள், கவனி. துணி, புத்தகம் எல்லாம் பைக்குள் இருக்கிறது. விட்டுப்போனது எதுவும் இல்லை.

உன் வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்கட்டும்.

அவசரத்தில்,
அக்கா


செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம் எழுத உனக்கு நேரம் இருக்கிறது, நல்லது.

பள்ளி திறந்த அன்று அவள் அழவே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அழாத பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். சாயங்காலம் லாரிச் சத்தம் கேட்டால் கேட்டில் போய் நிற்கிறாள் என்றால், அந்த நேரத்தில் ஒரு வேலை கொடு. வெங்காயம் உரிக்கச் சொல். படுக்கையை நனைத்தால் விரிப்பை அவளையே அலசச் சொல். துவைத்துத் தருவதற்கு நீ எதற்கு? பையைக் கட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள் என்றால் பையைத் தூக்கிப் பரண்மேல் போடு. கண்ணில் படாதது மனதிலும் நிற்காது. நான் வேண்டாத சாமானை எல்லாம் அப்படித்தான் செய்கிறேன்.

நான் என்ன தப்புச் செய்தேன் என்று உன்னைக் கேட்கிறாளாம். தப்பு ஒன்றுமில்லை, அம்மாவுக்கு நேரமில்லை என்று உள்ளதைச் சொல். அவளைக் கண்ணு, கண்ணு என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறாய். கெடுத்துவைக்காதே.

இன்னொன்று. நீ நினைத்த நேரத்தில் எனக்குப் போன் செய்து அவள் கையில் கொடுக்காதே. என் குரலைக் கேட்டால் அவள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கிறது. எனக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடுவதில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்காதே. கொஞ்ச நாளில் ரெண்டு பக்கமும் பழகிவிடும்.

இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அவள் படுத்த கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த இடத்தில் இஸ்திரி மேசையைப் போட்டுவிட்டேன். நல்ல வெளிச்சம். சூப்பர்வைசர் இப்போது என்னை உதாரணமாகக் காட்டுகிறாள். உன் அத்தான்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிறார். ரெண்டு ட்ரிப் அப்படியே வந்துபோனார். அப்புறம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "சாமானை ஒதுக்கிற மாதிரி பிள்ளையை ஒதுக்கிட்டே" என்றார். மாதத்துக்கு நாலு நாள் வந்து தங்குகிறவர் பேசுகிற பேச்சு அது. இந்த வீட்டை ஒரே ஒரு வாரம் ஓட்டிக் காட்டு, பிறகு பேசு என்றேன். உன் ஊர்ப் பக்கம் வருகிற லோடையெல்லாம் வேறு டிரைவருக்கு மாற்றிவிடுகிறாராம், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம்.

ஒரு நல்ல சேதி சொல்கிறேன். பொடியன் முன்னைவிட வேகமாகக் கிளம்புகிறான். என்னடா இது என்று பார்த்தால், பெரியவள் அவனிடம் மெதுவாகச் சொல்வது காதில் விழுந்தது: "சீக்கிரம் கிளம்புடா, இல்லேன்னா உன்னையும் அனுப்பிடுவாங்க." சொல்லி முடிப்பதற்குள் அவன் ஷூவை மாட்டிவிட்டான். நான் பத்து வருடம் கத்தியும் நடக்காதது அந்த ஒரு வார்த்தையில் நடந்துவிட்டது. நானும் கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தைரியமாக இரு. பிள்ளை வளர்ப்பதற்குக் கொஞ்சம் கல் நெஞ்சு வேண்டும், அது போகப்போக வரும்.

அன்புடன்,
அக்கா


புதன்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றேன். நீ ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அதற்கு முந்தின வாரம் பொடியன் பள்ளியில் காலை வரிசையில் நின்றபடியே சுருண்டு விழுந்துவிட்டான். சலவைப் பிரிவுக்குப் போன் வந்தது. நான் ஓடுவதற்குள் எங்கள் ஆஸ்பத்திரிக்கே தூக்கிவந்துவிட்டார்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. இன்றைக்கு வந்த காய்ச்சல் இல்லை, ரெண்டு மூன்று நாளாக இருந்திருக்கிறது, வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். பெரியவளுக்குத் தெரிந்திருக்கிறது. காலையில் அவன் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, நடுங்காமல் நிற்கப் பழக்கி, என் கண்ணில் படாமல் ரெண்டு பேருமாகச் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம்தான் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். "நான் லேட் பண்ணலம்மா. ஷூ போட்டுட்டுத்தான் வந்தேன்" என்றான். பக்கத்தில் இருந்த நர்ஸ், காய்ச்சலில் பிதற்றுகிறான், பயப்படாதீர்கள் என்று என் தோளைத் தட்டினாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போது தேறிவிட்டான், கவலைப்படாதே. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இஸ்திரி மேசையை நகர்த்திவிட்டுக் கட்டிலை விரித்தேன். உனக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. உன்னைக் குறை சொல்ல முடியாது, நான் சொல்லிக்கொடுத்ததுதான். அதனால்தான் பஸ் ஏறி வந்தேன்.

கதவைத் திறந்தவுடனே நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. "அவளையே கேட்டுக்கோக்கா. வர்றேன்னு சொன்னா கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு உன் வீட்டுக்காரரோடு மாடிக்குப் போய்விட்டாய். கீழே என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது. அவளும் சொல்லியிருக்கமாட்டாள்.

டம்ளருக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எதிர் நாற்காலியில் முழங்காலைச் சேர்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தது. படிப்பு எப்படி, கூடப் படிக்கிற பிள்ளைகள் எப்படி என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. ஒரு கேள்விகூட அவள் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. அவளா இப்படி?

வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். "எனக்கு நாளைக்கு ஸ்கூல் இருக்கு" என்றாள். அங்கேயும் ஸ்கூல் இருக்கிறது, பழைய டீச்சர் இருக்கிறாள் என்றேன். "அங்க லேட்டாயிடும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். பொடியன் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்றேன். முதல்முறையாக அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவன் இப்போது சீக்கிரம் கிளம்புகிறானா என்று கேட்டாள். கிளம்புகிறான் என்றேன். "அப்ப சரி" என்றாள்.

அவளை வம்பாக இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். பெற்றவள்தானே, யார் தடுப்பார்கள்? இழுத்தால் வந்துமிருப்பாள். அதை நினைத்தபோதுதான் எனக்குக் கை வரவில்லை.

நீ சொன்னபடி பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள். எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள், நான் பின்தங்கினால் நின்று காத்திருந்தாள். பஸ் வந்ததும் ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்தேன். உருவிக்கொள்ளவில்லை. நானாக விடும்வரை நின்றாள். விட்டதும், "பார்த்துப் போங்க பெரியம்மா" என்றாள்.

நீதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய் என்று வழியெல்லாம் உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வீடு வந்து சேர்ந்தபிறகு கோபம் இறங்கிவிட்டது. அது உன் வேலை இல்லை. என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள், வாய் தவறவில்லை. உன்னை அம்மா என்று வைத்துக்கொண்டால் நான் யார் என்று அவளே யோசித்து வைத்திருக்கிறாள். முறை சரியாகத்தான் இருக்கிறது. இதற்காக அவளை நீ ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

விரித்த கட்டிலைப் பார்த்துவிட்டு யார் வருகிறார்கள் என்று பெரியவள் கேட்டாள். யாரும் வரவில்லை, சும்மா கிடக்கட்டும் என்றேன். உன் அத்தான், லாரியைக் கழுவுகிறேன் என்று போனவர் வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார்.

கடைசியாக ஒன்று. நீ மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றாய். மூன்று பெற்றவளுக்கு அது தெரியாமல் போகுமா? இத்தனை வருடத்துக்குப் பிறகு கடவுள் கண் திறந்திருக்கிறார். என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை, அதுவும் எனக்குப் புரிகிறது. நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து வா.

இந்தக் கடிதத்தில் உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. கேட்டுக்கொள்ளத்தான் ஒன்று இருக்கிறது. உன் கையில் கைக்குழந்தை வந்தபிறகு வேலை கூடும், தூக்கம் போகும், வீடு தாறுமாறாகக் கிடக்கும். ஒருநாள் உனக்கும் என்னைப்போலத் தோன்றும். அப்படித் தோன்றினால் அன்றைக்கு எனக்குப் போன் செய், எந்த நேரமானாலும் வேலையைப் போட்டுவிட்டு வந்து உன் வீட்டைப் பெருக்கி, குழந்தைத் துணி துவைத்து, சமைத்துப்போட்டுவிட்டுப் போகிறேன். இவளிடம் மட்டும் கிளம்பு என்று சொல்லிவிடாதே. எங்கே, எதற்கு என்று கேட்கமாட்டாள். உடனே கிளம்பிவிடுவாள்.

உன் ரெண்டு பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெரியம்மா