சலோமி கேட்ட கேள்வி

ஆகஸ்ட் 11, 1998, செவ்வாய். சித்தூர்.

இன்று மத்தியானம் திருப்பதி ஆஸ்பத்திரியில் யேசுபாதம் இறந்துபோனான். குவைத்தில் டிரைவராக இருந்து, ஈரல் கெட்டுத் திரும்பி வந்தவன். அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்தியது நான் போதகராக இருக்கும் சபைக்கே தெரியும். போவதற்கு முன் மனைவி சலோமியின் கையை முறித்ததும் தெரியும். அவள் மாங்கூழ் பாக்டரியில் வேலை செய்து தன் பெண் பிள்ளைகளை வளர்த்தாள். அவன் படுக்கையில் விழுந்த பிறகு மலஜலம் அள்ளியவளும் அவள்தான்.

காலையில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"என்ன மாதிரி ஆள ஆண்டவரு சேத்துக்குவாரா ஐயா?"

சேர்த்துக்கொள்வார், அது அவருடைய கிருபை, நம் கிரியையால் வருவதல்ல என்றேன். இருவரும் ஜெபித்தோம். அவன் முகம் தெளிந்தது. அவன் இரட்சிக்கப்பட்டான் என்றே நம்புகிறேன்.

உடலை வேனில் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் சலோமி கேட்டாள்.

"நெஜமாவே அவரு பரலோகத்துக்குப் பூட்டாரா ஐயா?"

"ஆமாம்மா. கர்த்தர் மன்னிச்சிட்டாரு."

அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"அவரு மன்னிச்சாரு, சரி. என்ன யாரும் கேக்கலியே. நான் செத்தாலும் அங்கதான போவணும்? மறுபடியும் இந்த ஆளுகூடவே இருந்துக்கினு கெடக்கணுமா?"

ஊர் வந்ததும் நான் முதலில் இறங்கி, உடலை இறக்க ஆட்களைக் கூப்பிட்டேன்.

நாளைக் காலை அடக்கம். கிருபையைப் பற்றித்தான் பிரசங்கிக்க வேண்டும், வேறு எதுவும் எனக்குத் தெரியாது. சலோமி எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பாள்.