கோயில் வளைவில் நீ வைத்த செடிகள்

என் செல்ல அக்காவுக்கு,

நீ செய்த பாதையில் நேற்று கார் ஓட்டினேன். உன் கருமாதி இன்னும் முடியவில்லை. டிவியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். நான் மட்டும் உன் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

போனில் ஆடும் கார்ப் பந்தய விளையாட்டுக்காக நீ செய்து முடித்த ஒரே பாதை அது. நம் தேயிலைத் தோட்டத்து ரோடுதான்: பேக்டரி இறக்கம், கோயில் வளைவு, பாலம். "சின்னதா இருக்கணும்டி. தோத்தவளுக்குக் கோவம் ஆறுறதுக்குள்ள மறுபடி தொடங்கிரணும்" என்பாய். வளைவில் சுவர் வை என்று நான் சொன்னபோது சிரித்தாய். "சுவத்துல மோதினா ஆட்டமே முடிஞ்சிரும். தேயிலச் செடி வச்சா வேகம் மட்டுந்தான் போகும். எங்க விட்டோம்னு அவளுக்கே தெரியும். அடுத்த தடவ புடிச்சிரலாம்னு ஆச வரும்."

அந்த ஆசைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. உன்னை நினைத்து ஒரே ஒரு தடவை ஓட்டலாம் என்றுதான் தொடங்கினேன். செடி மேல் ஏறி நேரம் போனது. மறுபடி. பிரேக்கைக் கொஞ்சம் முன்னாலேயே அழுத்திப் பார்த்தேன். மறுபடி. கடைசியில் செடியோரத்தை உரசியபடி வளைவைவிட்டுச் சீறி வெளியே வந்தபோது கை தட்டிச் சிரித்துவிட்டேன்.

நம் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் எவ்வளவு மெல்லியது என்று உனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

"அக்கா படத்துக்கு முன்னால வெளக்கு எரியிது. ஒனக்கு வெளயாட்டு கேக்குதா?"

அவர் திட்டியதுகூடப் பரவாயில்லை. அவர் கேட்கும்வரை நீ இல்லை என்பதே எனக்கு மறந்திருந்தது. அது எப்படி அக்கா மறக்கும்?

சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தார். காய்ச்சலோடு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளிலிருந்து அம்மா வாய்திறந்து எதையும் கேட்டதில்லை. அப்பா தட்டை நீட்டினால்தான் சாப்பாடு. நான் போனைப் பாவாடைக்குள் ஒளித்தேன்.

"அவ செஞ்சதா அது?"

"ஆமாம்மா."

"குடு."

எதை அழுத்துவது என்று காட்டினேன். கோயில் வளைவில் அம்மா நேராகச் செடிக்குள் போய்விட்டார். "ஐயோ, கொழுந்தெல்லாம் போச்சே!" என்றார். பெரியம்மாவும் எட்டிப் பார்த்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனை மட்டும் திருப்பித் தரவில்லை.

"இன்னொரு தடவ" என்றார்.

இதை எழுதும்போதும் எனக்குக் குற்ற உணர்வாகத்தான் இருக்கிறது. இனியும் ஓட்டுவேன், ஓட்டும்போது உன்னை மறக்கவும் செய்வேன். கோபித்துக்கொள்வாயா? ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன் அக்கா. அந்த வளைவில் ஒருநாளும் சுவர் வைக்கமாட்டேன். அம்மா அதைத் தாண்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் செடிகளில் முதலில் விழுந்தவள்,
உன் தங்கச்சி