தம்பிக்கு இன்னும் குரல் உடையவில்லை

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் தம்பியும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். போனில் சொன்னால் அடுத்த அறையில் இருக்கும் தம்பி காதில் விழும், அதனால்தான் கடிதம். பதினைந்து முடிந்தும் அவனுக்குக் குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை, வகுப்பில் "பாப்பா" என்று கூப்பிடுகிறார்களாம். பள்ளிக்கூடமே வேண்டாம் என்று படுத்துவிட்டான், ஊசி போட்டு வளர்த்துவிடச் சொல்லி ஒரே பிடிவாதம். டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், கை எலும்பைப் படம் எடுத்தார்கள், பயப்பட ஒன்றும் இல்லையாம். பருவத்துக்கு வரவைக்கும் ஜீன்கள் எல்லோருக்கும் உண்டாம், அவற்றை எப்போது முடுக்குவது என்று டி.என்.ஏ.வில் சொல்லும் இடங்களில் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்குமாம், அப்படிப் பல சேர்ந்தால் சிலருக்கு இரண்டு மூன்று வருடம் தள்ளிப் போகுமாம். நீ படிக்கிற படிப்புதானே, உனக்குத் தெரியாததா. நீயும் பதினாறில்தான் வயதுக்கு வந்தாய் என்றேன், எழுதிக்கொண்டார். அப்பாவுக்கு எப்போது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லையம்மா. இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் அவர் பையனாக எப்படி இருந்தார் என்று பேசிக்கொண்டதே இல்லை, இனி கேட்க அவரும் இல்லை.

பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பா போன பிறகு அந்த வீட்டோடு பேச்சே இல்லை, உனக்குத் தெரியும். நம்பரை அழுத்துவதும் வைப்பதுமாக ஒரு மதியம் போயிற்று. தம்பி விஷயத்தைச் சொல்லி, அப்பாவுக்கு எப்போது என்று கேட்டதும் அவர், "அவனா? காலேஜ் சேர்ந்தப்பகூட கீச்சுக்குரல்தாம்மா. போனை எடுத்தா, 'அம்மா இருக்காங்களா பாப்பா'ன்னு கேப்பாங்க. படக்குனு வெச்சுட்டு மாடிக்குப் போய் அழுவான்" என்றார். தம்பி எப்போது வந்து பக்கத்தில் நின்று கேட்டானோ, போனை வாங்கி, "அப்புறம் எப்பிடி பெரியப்பா அவ்ளோ உயரமானாரு?" என்று கேட்டான். "திடீர்னுதான்டா. ஒரே வருஷத்துல நிலைப்படி தலையில இடிச்சுது. உனக்கும் அவன் குரல்தான் வரும், பாரு" என்றாராம். மறுநாள் தானே பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். ஊசியை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னதற்கும் தலையாட்டிவிட்டான்.

அவன் பள்ளிக்கூடம் போன பிறகு வீடு ஓவென்று இருக்கிறது. அவனுக்கு அவசரம், எனக்கு இல்லை. ஒருநாள் அடுத்த அறையிலிருந்து உன் அப்பா குரலில் "அம்மா" என்று கூப்பிடுவான், அன்றைக்கு நான் என்ன ஆவேனோ தெரியவில்லை. அப்போது நீ பக்கத்தில் இருந்தால் தேவலை.

போனில் அவன் குரலைக் கேலி பண்ணாதே, மறந்துவிடாதே. நோய் நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எண்ணியிருக்கும்,
அம்மா