மனுவில் கையெழுத்திட்ட பசு

என் தங்கச்சி மகளே, ஆத்தா,

இன்றைக்கு ரேஷன் கடையில் பாமாயில் பாக்கெட் கொடுத்தார்கள். ஓரத்தில் லேசாகக் கசிந்திருந்தது. மூன்று முறை சோப்புப் போட்டும் விரலில் பிசுக்குப் போகவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன், வரவில்லை. உனக்கு எழுதலாம் என்று மட்டும் தோன்றியது.

இதே மாதிரி ஒரு பாக்கெட்டைத்தான் அன்றைக்கு என் மூக்குக்கு நேரே ஆட்டினாய். “மாமா, இதுக்காக அங்குட்டு இந்தோனேசியாவுல மழைக்காட்டை வெட்டி எண்ணெய்ப்பனை வைக்கிறாக. இங்குட்டு நம்ம கடலை விலைபோகாமக் கிடக்கு. ரேஷன்ல கடலை எண்ணெய் கொடுங்கன்னு மனுப் போடணும். கையெழுத்து வாங்க வாரீகளா?”

“வாரதா? காரைக்குடிச் சீமையே உன் பின்னால நிக்கும் ஆத்தா. எறும்புகூட வரிசையில வந்து ரேகை வைக்கும்” என்றேன். மாமனின் வாய் உனக்குத் தெரியாததா.

மூன்று வாரம் திருப்பத்தூர்ச் சந்தையிலும் பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலிலும் வெயிலில் நின்றாய். நான் ஒரே ஒரு நாள் வந்தேன், அதுவும் மோர் குடிக்க. மனுக் கொடுப்பதற்கு முந்தின நாள், நோட்டில் ஆறு பக்கம் காலியாக இருக்கிறதே என்று கவலைப்பட்டாய். நீ குளிக்கப் போன நேரத்தில், மாமன் பெருங்கருணை கொண்டு அந்த ஆறு பக்கங்களையும் இடக்கையாலும் வலக்கையாலும் நிரப்பி அருளினேன். செத்து முப்பது வருஷமான என் தாத்தா கையெழுத்திட்டார். நம் வீட்டுப் பசு லெட்சுமியும் இட்டது.

மறுநாள் ஆபீஸில் மனு வாங்கிய அதிகாரி நிதானமாகப் படித்தார். “லெட்சுமி, தொழில் பால் கொடுத்தல். இது யாரும்மா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். “இதெல்லாம் பொய்யின்னா மீதியை எப்படிம்மா நம்புறது?” என்று நோட்டை அப்படியே திருப்பித் தந்துவிட்டார். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “தப்பு என்னுதுதான் சார்” என்றாய்.

பஸ்ஸில் ஒரே பேச்சுத்தான் பேசினாய். “நடக்குறதே பெருசாத்தான் இருக்கு மாமா. நீங்க வேற கூட்டாதீக.”

மறுநாளே புது நோட்டில் முதலிலிருந்து தொடங்கினாய். எட்டாவது பக்கத்தில் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த நோட்டை நான் எடுத்துக்கொண்டேன். “என்னண்ணே, வாயே தொறக்க மாட்டேங்குறீக” என்கிறாள் உன் அம்மா. துக்கம் என்றும் சொல்லத் தெரியவில்லை. மரத்துப்போன காலைப்போல மனசு கிடக்கிறது. அதையும் இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறேன். ஒரு ஆளுக்கு ஒரு கையெழுத்து. வீட்டு நம்பரையும் கேட்டு எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு கடலை வியாபாரி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இத்தனை பேரு போட்டா காடு தப்பிச்சிருமாய்யா?”

பழைய மாமனாக இருந்தால், அந்தக் காட்டு மரங்களெல்லாம் சமுத்திரத்தை நடந்தே தாண்டி வந்து உமக்கு மாலை போடும் என்று சொல்லியிருப்பேன். வாய்வரைக்கும் வந்தது.

“தெரியலய்யா” என்றேன்.

அவர், பேனாவைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார்.