வசந்தா நடுரோட்டில் வரவில்லை

ஜூன் 3, திங்கள்

மழை வரும்போல் இருந்து வரவில்லை. வழக்கம்போல் வசந்தாவோடு சைக்கிள். கருவடிக்குப்பத்திலிருந்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை வரை அவள் முன்னே, நான் பின்னே. கோரிமேட்டு ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கும் நோயாளிக் கூட்டத்தைத் தாண்டுவதற்குள் ஒரு கார்க்காரன் திட்டிவிட்டுப் போனான்.

"ரொம்ப ஓரமாப் போவாத ஷாஹீன். ஒதுங்குனா நாம இல்லவே இல்லன்னு இடிச்சிக்கினு போவானுங்க. ஒரு கை அகலம் உள்ள வா" என்றாள். அவள் சொன்னால் கேட்பேன். மருந்துக் கம்பெனி பேக்கிங்கில் என்னைச் சேர்த்துவிட்டவளே அவள்தான்.

ஜூன் 6, வியாழன்

படுத்தால் தூக்கம் வரவில்லை. எழுதினாலாவது வருமா பார்க்கிறேன்.

தொழிற்பேட்டைக்குள் திரும்பும் இடம். பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார். என்னை உரசுவதுபோல் தாண்டி, வசந்தாவின் ஹேண்டில்பாரைத் தட்டி — அவள் ஜல்லியில் போய் விழுந்தாள். கார் நின்றது. இறங்கியவர் எங்கள் மேனேஜர் அன்பழகன். போன் இன்னும் காதிலேயே இருந்தது.

"பாத்து வரக் கூடாதாம்மா?" அதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

அவர் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின்சீட்டில் அவள் தலை என் மடியில். வழியில் முன்னால் போன ஒரு சைக்கிள்காரரை விடாமல் ஹார்ன் அடித்து விரட்டிக்கொண்டே போனார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறதாம்.

ஜூன் 7

"அதுக்குத்தான் சைக்கிள் வாணாம்னு தலபாடா அடிச்சிக்கினேன்" என்கிறார் இவர். என் வீட்டுக்காரர் மஜீத்துக்கு என்மேல்தான் கோபம். இடித்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 10, திங்கள்

கம்பெனியில் பாதுகாப்புக் கூட்டம். சைக்கிளில் வருகிறவர்கள் ஓரமாக வர வேண்டும். பளிச்சென்ற உடை போட வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும். பேசியது அன்பழகன்! காரில் வருகிறவர்களுக்கு? ஒன்றுமே இல்லை. முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டினேனா? தட்டினேன்.

ஜூன் 17, பக்ரீத்

ஆஸ்பத்திரிக்கு பிரியாணி கொண்டுபோனேன். வசந்தா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடி வைத்தாள். நாளைக்கு போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டிருக்கிறார்கள், பார்த்தவள் நான் ஒருத்திதான், உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம். நாந்தான் நடுரோட்ல வந்துட்டேன்னு சொல்லிடு."

"இன்னா பேசற நீ?"

"சார் வந்துட்டுப் போனாரு. செல்விக்கு ஆபீஸ்ல வேல தரேன்னாரு. நான் இனிமே நின்னு பேக்கிங் பண்ண முடியுமா? அப்பா இல்லாத பொண்ணு அவ."

"அவரு போன் பேசிக்கினே ஓட்டினாரு வசந்தா. என்னத் தாண்டறப்ப நான் பாத்தேன்."

"ஒடஞ்சது என் இடுப்பு. நானே சொல்றேன், உனக்கு இன்னா?"

அன்பழகன்மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் — என் மகள் ஹிபாவுக்கு ஒரு வேலை என்றால் நான் மட்டும் என்ன செய்திருப்பேன்?

ஜூன் 18

வாயைத் திறந்தால் உண்மையே வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே போனேன். பயமே வேண்டியிருக்கவில்லை. ஏட்டு எல்லாவற்றையும் முன்னாலேயே எழுதி வைத்திருந்தார். சைக்கிளில் வந்த பெண் திடீரென்று நடுரோட்டுக்குத் திரும்பினாளாம். நான் சொன்னதாக.

"படிச்சுப் பாக்கணுமாம்மா?"

கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 19

தொழுகையில் மனசு நிற்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

செல்வி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கம்பெனி வேனில் வருகிறாள். வசந்தா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாளாம். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. போக வேண்டும். போய் எதைப் பேசுவது?

ஜூலை 26

தனியாகத்தான் போகிறேன். பின்னால் கார் சத்தம் கேட்டால் தோள் இறுகிவிடுகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் வலி.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று சாப்பாட்டு நேரத்தில் செல்வி தன் டப்பாவை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்தாளாம். முகமெல்லாம் சிரிப்பு.

"சாரு ரொம்ப நல்லவரு அத்த. அம்மா பேர்லதான் தப்புன்னு தெரிஞ்சும் எனக்கு வேல குடுத்தாரே."

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். நடிப்பில்லை. வசந்தா பெற்ற மகளிடமும் அதையேதான் சொல்லி வைத்திருக்கிறாள்.

"ஓரமாப் போம்மா, ஓரமாப் போம்மான்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன், கேட்டாத்தான? நீங்க கூடவே போனீங்களே அத்த, நீங்களாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.