புரட்டாசியில் பட்டினி கிடந்த துரை

சுகர் லேண்ட்,
புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, 2001

அன்பு மகன் முகிலனுக்கு அப்பா எழுதுவது. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறாள். நாங்கள் இருக்கிறோம். போன் போட்டால் உன் குரலில் மெஷின்தான் பேசுகிறது, அதனிடம் எத்தனை நாளைக்கு நலம் விசாரிப்பது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். வேலை போய்விட்டது என்று ஒரே வரி சொல்லிப் போனை வைத்தவன், அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நேரே கலிபோர்னியாவுக்கு வந்து உன் கதவைத் தட்டலாம் என்றால், பிளேனைக் கொண்டுபோய்க் கட்டடத்துல மோதி ஒரு மாசம்கூட ஆகல, இந்த நேரத்தில் பிளேன் ஏற வேண்டாமுங்க என்று அம்மா அழுகிறாள்.

நீ எங்களிடம் விட்டுப் போன பச்சோந்திக்கு உடம்பு சரியில்லை. உன்னிடம் மறைக்க எனக்கு மனசில்லை. கிளையில் உட்கார்ந்துகொண்டு ஒற்றைக் கண்ணைத் திருப்பி நம்மைப் பார்க்கிற தோரணைக்கு அம்மா அதற்குத் துரை என்று பெயர் வைத்தாளே, அந்தத் தோரணை எல்லாம் போய்விட்டது. கண் இரண்டும் குழி விழுந்து, பிடி தளர்ந்து, கூண்டின் அடியில் கிடக்கிறது. நடந்தது இதுதான். உனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று அம்மா பெருமாளுக்கு விரதம் பிடித்தாள். வழக்கமாக இந்த மாதம் கவிச்சி சமைக்க மாட்டோம், அவ்வளவுதானே. இந்த வருஷம் அவளுக்கு அது போதவில்லை. இந்த வீட்டுக்குள் ஓர் உயிரும் சாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, புரட்டாசி பிறந்த அன்றே துரைக்கு வாங்கி வைத்திருந்த வெட்டுக்கிளி டப்பாவைக் கொண்டுபோய்ப் பின்பக்கப் புல்லில் திறந்துவிட்டாள். போய்ப் பொழைச்சுக்கங்க சாமி என்று அதுகளுக்கு வழியனுப்பு வேறு. துரை என்ன தின்னும் என்று கேட்டேன். மனுசனே ஒரு மாசம் கீரையில இருக்கறான், இது இருக்காதா என்றாள். உனக்காகச் செய்கிறவளை எப்படித் தடுப்பது? நானும் சும்மா இருந்துவிட்டேன்.

முளைகட்டின பச்சைப்பயறை நசுக்கிக் குச்சியில் வைத்து நீட்டுவாள், அது கண்ணைத் திருப்பிக்கொள்ளும். செம்பருத்தி இலையை மட்டும் எப்போதாவது கடித்தது. தண்ணீருக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைத்திருந்தோம். இலை மேல் ஸ்பிரே பண்ணச் சொல்லி நீ படித்துப் படித்துச் சொன்னாய், நாங்களும் போகிற போக்கில் இரண்டு தரம் அடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம். பயந்து போய், பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். என்ன சாப்பிடுகிறது என்று அந்த அம்மாள் கேட்க, உன் அம்மா பெருமையாகப் பச்சைப்பயறு என்றாள். அதை இங்கிலீஷில் சொல்வதற்குள் எனக்கு மானம் போய்விட்டது. அந்த அம்மாள் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கிண்ணத்தில் நிற்கிற தண்ணீரைத் தண்ணீர் என்றே இதற்குத் தெரியாதாம், இலையில் சொட்டி ஓடுகிறதைப் பார்த்தால்தான் நாக்கை நீட்டுமாம். அதுவும் உடனே குடிக்காது, நன்றாக நனைத்துவிட்டுப் பொறுமையாக நிற்க வேண்டுமாம். எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டியது மஞ்சளாகிவிட்டது, உடம்பு வற்றியதற்கு அடையாளம் என்றார். வெட்டுக்கிளிக்கு முதலில் கேரட்டும் கீரையும் கொடுத்து, மேலே கால்சியம் பவுடர் தூவித்தான் போட வேண்டுமாம். புல்லில் பிடித்தது வேண்டாம், மருந்தடித்த புல்லாக இருக்கும் என்றார். பிழைக்குமா என்றதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது வளர்ப்புப் பிராணிக் கடை வந்ததும் அம்மா காரை நிறுத்தச் சொல்லி, அவளே இறங்கிப் போய் வெட்டுக்கிளி டப்பா வாங்கி வந்தாள். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவள், வீட்டுக்கு வந்ததும் வெட்டுக்கிளியைக் கையால் பிடித்து நீட்டினாள். துரை நாக்கை விட்டது, எட்டவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோய்க் கொடுத்தாள், தின்றது. என்ற பையனுக்குன்னு பிடிச்ச விரதத்துல என்ற பையன் வளர்த்த உசுரே போச்சுன்னா அந்த விரதம் எனக்கு எதுக்குங்க என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டு சாமி முன்னால் உட்கார்ந்தவள்தான், அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. விரதத்தை முறித்துவிட்டோம், இனி உனக்கு வேலை கிடைக்காமல் போனால் அது தன்னால்தான் என்று அழுகிறாள். டெலிகாம் கம்பெனிகள் வரிசையாக ஆளைக் குறைப்பதற்கும் வெட்டுக்கிளிக்கும் என்னடி சம்பந்தம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். என் பேச்சை இந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்.

துரை இன்றும் கொஞ்சம் தண்ணீர் குடித்தது. ஆனால் கிளை ஏறவில்லை. ஏறும் என்று உனக்கு எழுத ஆசைதான், எனக்குத் தெரியவில்லை. நீ வேளைக்கு ஏதாவது தின்கிறாயா, கதவைச் சாத்திக்கொண்டு காபியிலேயே நாளை ஓட்டுகிறாயா, அதுவும் தெரியவில்லை. கொஞ்சம் சோறு வடித்து ரசமாவது வைத்துக்கொள் கண்ணு. வாடகை கட்டி அங்கேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, உன் ரூம் அப்படியேதான் இருக்கிறது.

பெருமாள் உன்னைக் கைவிட மாட்டார், எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. வேலை என்ன ஆச்சு என்று கேட்க மாட்டோம். நீ சாப்பிட்டுவிட்டேன் என்று உன் வாயால் சொன்னால்தான் உன் அம்மா தட்டில் கை வைப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோபாலசாமி