கெபி முன்னால் ஒரு பெஞ்சு

அவிநாசி
8.2.1996

அன்புள்ள பொற்கொடிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு அவிநாசியப்பரையும் உங்கள் மாதாவையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.

நீ சிஸ்டராகி, நாம் படித்த மாதா கெபிப் பள்ளிக்கே விடுதிப் பொறுப்பாக வந்திருக்கிறாய் என்று என் மகள் சுகந்தி சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் அம்மா அன்னம்மா எங்கள் தோட்டத்துக்குக் களை வெட்ட வரும்போது அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவாயே, அந்தப் பொற்கொடியா இது என்று வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. தவக்காலத்து முதல் வெள்ளியன்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பாதம் கழுவும் வழக்கம் இன்னும் அங்கே இருக்கிறதாமே. சீட்டுக் குலுக்கியதில் சுகந்திக்கு ஆறாம் வகுப்பு எழில் விழுந்திருக்கிறாள். அவள் அப்பன் ஆறுச்சாமி எங்கள் கோழிப் பண்ணையில் வேலை செய்கிறான். அன்றைக்கு அவனும் வருவான். பவானியிலிருந்து சுகந்தியைக் கேட்டிருப்பவர்களும் பெண் படிக்கும் பள்ளியைப் பார்க்க வருகிறோம் என்கிறார்கள். எனக்கு எந்த வித்தியாசமும் கிடையாது, உனக்கே தெரியும். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது கண்ணு? நீ மனசு வைத்து அந்தச் சீட்டை மாற்றிப் போட்டால் போதும்.

தோட்டத்துத் தேங்காய் ஒரு மூட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறேன். விடுதிப் பிள்ளைகள் சாப்பிடட்டும்.

என்றும் அன்புள்ள,
கீதா கிருபாசங்கர்


மரியே வாழ்க!

கோயமுத்தூர்
12.2.1996

கீதா அம்மணி அவர்களுக்கு,

தேங்காய் வந்து சேர்ந்தது. சட்னிக்குக் குறையில்லை. சுகந்தியும் சாப்பிட்டாள், எழிலும் சாப்பிட்டாள்.

சீட்டை மாற்ற வழியில்லை. இந்தப் பள்ளியின் குணம் உங்களுக்குத் தெரியும். இங்கே பிரம்பு கிடையாது. அப்பன் யார், தோட்டம் எவ்வளவு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. பீடத்துக்குப் பூ வைப்பதிலிருந்து கழிப்பறை கழுவுவதுவரை எல்லோருக்கும் முறை உண்டு. சீட்டில் விழுந்த பாதத்தைத் தொட மாட்டேன் என்றவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

உங்களுக்கு மறந்திருக்கலாம். 1972. நீங்கள் பதினோராம் வகுப்பு, நான் ஆறாம் வகுப்பு. உங்கள் சீட்டில் நான் விழுந்தேன். அன்று காலை துவைக்கும் கல்லில் உட்கார்ந்து செங்கல் துண்டால் குதிகாலைத் தேய் தேய் என்று தேய்த்தேன், அம்மணி கை படப்போகிற கால் அழுக்காக இருக்கக்கூடாதே என்று. தேய்த்த வேகத்தில் தோல்கூட உரிந்துவிட்டது. மாதா சுரூபம் வைத்த கல்குகைக் கெபி முன்னால் பெஞ்சில் எங்களை வரிசையாக உட்காரவைத்தார்கள். நீங்கள் தண்ணீர்க் கிண்ணியோடு வந்தீர்கள். முன்வரிசையில் இருந்த உங்கள் அப்பாவைப் பார்த்தீர்கள். பிறகு என்னைத் தாண்டிப் போய் அடுத்தவள் முன்னால் முழங்கால் போட்டீர்கள். அன்று அவள் காலை இரண்டு பேர் கழுவினார்கள். என் காலை ஒருவரும் கழுவவில்லை.

அப்போதிருந்த பெரிய சிஸ்டர், "ஒப்புக்கொடுத்துடு கண்ணு, ஆண்டவர் பாத்துக்குவார்" என்றார். இத்தனை வருஷமாக ஒப்புக்கொடுத்துப் பார்க்கிறேன். ஆண்டவர் வாங்கிக்கொள்ளவே இல்லை.

என் அம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். நான் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். "உன்ற காலு நல்லாத்தான் இருக்குது கண்ணு" என்றாள்.

இப்படிக்கு,
சிஸ்டர் பொற்கொடி


அவிநாசி
16.2.1996

பொற்கொடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என்றைக்கோ நடந்ததை மனசில் வைத்துக்கொண்டு இன்றைக்குக் கிளறுகிறாய். அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? இந்த உடுப்பைப் போட்டவர்களுக்கு மனசும் மாறியிருக்கும் என்று நம்பி எழுதியது என் தப்பு.

உங்கள் புதுக் கட்டடத்துக்குக் கதவு, ஜன்னல் அத்தனையும் சுகந்தியின் அப்பா போட்டுக் கொடுத்தது. ஆயர் இல்லத்திலும் அவருக்குப் பழக்கம் உண்டு. அவர் வாய் திறந்தால் உன்னை நாளைக்கே வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்று பார்க்கிறேன். உன் அம்மா எங்கள் தோட்டத்துச் சோற்றைத் தின்றவள். அதையும் நினைத்துக்கொள்.

சீட்டை மாற்ற முடியாவிட்டால் சுகந்தியையே விலக்கிவிடு. பெற்ற தாய் கையெழுத்துப் போட்டுச் சொல்கிறேன், என் மகள் யார் பாதத்தையும் கழுவ வேண்டாம்.

கீதா கிருபாசங்கர்


மரியே வாழ்க!

கோயமுத்தூர்
24.2.1996

கீதா அம்மணி அவர்களுக்கு,

நீங்கள் கேட்டபடியே நேற்று நடந்தது. பவானிக்காரர்களுக்குப் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தீர்கள். நானும் கவனித்தேன். ஆனால் நீங்கள் பார்த்தது பாதிதான். கெபிக்குப் பின்னால் நடந்த மீதியை எழுதுகிறேன்.

சுகந்தி கிண்ணியும் துவாலையுமாகத் தயாராக நின்றாள். உனக்கு இன்று வேலை இல்லை என்றேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாள். "நான் கழுவறனுங்க சிஸ்டர்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். எழிலுக்கு அவள்தான் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம். ஏதாவது தெரியுமா உங்களுக்கு?

"வேண்டாம்னு உங்கம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறாங்க. தாய் தகப்பன் பேச்சை மீறக்கூடாதுங்கறது நாலாம் கட்டளை" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். சொன்னேன். 1972-ஐச் சொன்னேன். உங்கள் கடிதங்களையும் படிக்கக் கொடுத்தேன். தோட்டத்துச் சோறு வரும் இடத்தில் நிறுத்தி, அதை மறுபடி படித்தாள்.

எழில் ஏமாறக்கூடாது என்று அவள் பாதத்தை நானே கழுவினேன். சுகந்தி வெறுங்கிண்ணியோடு ஓரமாக நின்றாள். மகளுக்கு ஏதோ கௌரவம் கொடுத்துத் தனியாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று பவானிக்காரர்களிடம் நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சிரிப்பு வந்தது.

இது பழிதான். நான் ஒளிக்கவில்லை. இன்று காலை பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிட்டேன். சாமியார் பத்து 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். சொல்லி முடித்தேன். செய்ததற்கு இன்னும் வருத்தம் வரவில்லை.

சிஸ்டர் பொற்கொடி


அவிநாசி
29.3.1996

மரியாதைக்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

வணக்கம். பரீட்சை முடிந்ததும் சுகந்தியை அழைத்துவரக் கார் அனுப்பினோம். வெறுங்காராகத் திரும்பி வந்தது. மறுநாள் நானே வந்தேன். நீங்கள் பள்ளியில் இல்லை என்றார்கள். சுகந்தி சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அண்டா விளக்கிக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் சாம்பல். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட அவள் எடுத்து வைத்தது கிடையாதுங்க. "ஊட்டுக்குப் போலாம் வா கண்ணு" என்று கூப்பிட்டேன். "எனக்கு முறை இருக்குது, நீங்க போங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் நிமிரவே இல்லை.

பவானியிலிருந்து கேட்கிறார்கள். அம்மை போட்டிருக்கிறது, யாரும் பார்க்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம். எத்தனை நாளைக்கு அப்படிச் சொல்ல முடியும்? அவள் அப்பா என்னோடு பேசுவதில்லை. அவள் தட்டைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் அன்று செய்தது தப்புங்க. பிறகு எழுதியதும் தப்புங்க. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவாள். ஏனுங்க சிஸ்டர், மன்னிக்கச் சொல்வதுதானே உங்கள் வேதம்?

தங்கள்,
கீதா


மரியே வாழ்க!

கோயமுத்தூர்
1.4.1996

கீதாவுக்கு,

சுகந்தியை இங்கே யாரும் பிடித்து வைக்கவில்லை. கேட் திறந்துதான் கிடக்கிறது. நான் போகச் சொன்னால் போவாள் என்று நீ எழுதியிருப்பதும் உண்மைதான். சொல்லத்தான் போகிறேன். உடனே அல்ல.

மன்னிப்பது எங்கள் வேதம்தான். ஆனால் மன்னிப்பைத் தபாலில் கேட்டுத் தபாலில் வாங்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. வந்து முழங்கால் போட வேண்டும். ஆறு வயசுப் பிள்ளைக்கும் ஆயருக்கும் அதே முறைதான். உனக்கு மட்டும் எப்படி மாற்றுவேன்?

இந்த வியாழன் பெரிய வியாழன், ஆண்டவரே சீடர்களின் பாதம் கழுவிய நாள். மாலைப் பூசை முடிந்ததும் கெபி முன்னால் ஒரு பெஞ்சு போடச் சொல்லியிருக்கிறேன். சுகந்தி இருப்பாள். எழிலும் இருப்பாள். ஆறுச்சாமியை வரச் சொல்லியிருக்கிறேன், முன்வரிசையில் அவருக்கு நாற்காலி. என் அம்மாவுக்கும் ஒரு நாற்காலி போட ஆசைதான். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. உனக்கு அது தெரிந்திருக்காது, நீ கேட்கவும் இல்லை.

கிண்ணியும் துவாலையும் பள்ளியிலேயே இருக்கின்றன. நீ கையை வீசிக்கொண்டு வந்தால் போதும். எழுந்ததும் உன் மகளை அழைத்துக்கொண்டு போகலாம்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மாதிரி இந்தத் தடவை நான் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து உட்கார மாட்டேன். விடுதித் தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, சேற்றுக் காலோடு அப்படியே வருவேன்.

சிஸ்டர் பொற்கொடி
அன்னம்மா மகள்